மண்ணிலிருந்து விஷத்தைப் பிரித்தெடுப்பது எப்படி?

ஏதாவது ஒரு தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பிரச்சினை என்றால் செய்தியில் தவறாமல் வரும் வரி ஒன்று உண்டு. "மண் மாதிரிகள் சேகரிக்கப்பட்டு ஆய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளன." சில வாரம் கழித்து ஒரு நம்பர் வரும். இத்தனை பிபிஎம், இத்தனை பிபிபி. அந்த நம்பரை வைத்து ஒரு பக்கம் "ஆபத்து" என்பார்கள், இன்னொரு பக்கம் "பயப்பட ஒன்றுமில்லை" என்பார்கள். நடுவில் லேபுக்குள் அந்த மண்ணுக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நடந்தது என்ன? பெரும்பாலானவர்கள் நினைப்பது, மண்ணை ஒரு மெஷினில் வைத்தால் அது படித்துச் சொல்லிவிடும் என்று. அப்படி இல்லை! கேஸ் குரோமட்டோகிராஃப், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எல்லாம் ரொம்ப நாசூக்கான கருவிகள். அவற்றுக்குள் ஒரு மைக்ரோ லிட்டர் சுத்தமான திரவத்தைத்தான் ஊசியால் செலுத்த முடியும். ஒரு கைப்பிடி களிமண்ணை அந்த ஒரு துளியாக மாற்றுவதுதான் வேலையில் பெரும்பகுதி. இதற்குப் பெயர் பிரித்தெடுத்தல். லேபில் பேச்சுவழக்கில் 'எக்ஸ்ட்ராக்ஷன்'.

மெஷின் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், மண்ணைவிட்டு வெளியே வந்ததை மட்டுமே அது பார்க்கும். மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆக, அந்த நம்பர் மண்ணைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ, அதே அளவுக்குப் பிரித்தெடுத்த முறையைப் பற்றியும் சொல்கிறது. இது ஏன் முக்கியம் என்று பார்க்கலாம்.

மண் ஏன் விடமாட்டேன் என்கிறது?

மணலை மட்டும் எடுத்துக்கொண்டால் வேலை சுலபம். கழுவினால் போய்விடும். ஆனால் உண்மையான மண்ணில் களித்துகள் இருக்கிறது, மக்கிய இலை தழை இருக்கிறது, ஈரம் இருக்கிறது, சில இடங்களில் கரித்தூளும் எண்ணெயும் இருக்கிறது. டி.டி.டி., பி.சி.பி., டையாக்சின், தாரில் இருக்கும் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் போன்றவற்றுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. எண்ணெய்ப் பசையுள்ள இடம்தான் பிடிக்கும். அதனால் அவை மண்ணில் இருக்கும் மக்கிய கரிமப் பொருளுக்குள் போய் ஒட்டிக்கொள்கின்றன. நாளாக ஆக, மண்துகளின் நுண்துளைகளுக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிடுகின்றன.

இரண்டாவது சிக்கல், அளவு. ஒரு பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. லாரிக்கு 10 டன் வீதம் 100 லாரி மண்ணில் ஒரே ஒரு கிராம்! லேபில் எடுத்துக்கொள்வதோ வெறும் 10 கிராம் மண். ஒரு பிபிபி மாசுள்ள மண் என்றால் அந்த 10 கிராமில் இருப்பது 10 நானோகிராம். கண்ணுக்கும் தெரியாது, சாதாரணத் தராசுக்கும் தெரியாது. அதை விடாமல் பிடித்து வெளியே கொண்டுவர வேண்டும்.

குதிரைகள் செத்த கதை

இதெல்லாம் வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை என்பதற்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் நடந்த ஒரு சம்பவம் போதும்.

1971-ல் அங்கே ஒரு குதிரைப் பயிற்சிக் கூடத்தில் தூசி பறக்காமல் இருக்க, தரையில் கழிவு எண்ணெய் தெளித்தார்கள். அந்தக் காலத்தில் இது சகஜமான பழக்கம். தெளித்த சில நாட்களில் சுற்றிலும் பறவைகள் செத்து விழுந்தன. பிறகு பூனை, நாய். அப்புறம் குதிரைகள், பல டஜன் கணக்கில். அங்கே விளையாடிய ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுநீர்ப்பையில் இரத்தக் கசிவோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் (சி.டி.சி.) ஆகஸ்ட் மாதம் வந்து மண் எடுத்துப்போனார்கள்.

பதில் எப்போது வந்தது தெரியுமா? 1974-ல். மூன்று வருடம்!

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் தேடிய வேலை அது. மண்ணிலிருந்து இறக்கிய சாற்றில் பி.சி.பி. இருந்தது, ட்ரைகுளோரோஃபீனால் ஆயிரக்கணக்கான பிபிஎம் இருந்தது. ஆனால் அவை மட்டும் இவ்வளவு சாவுக்குக் காரணமாக முடியாது. சாற்றை முயல்களின் காதில் தடவிப் பார்த்ததில் புண் வந்தது. அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் கடைசியில் டையாக்சினைக் கண்டுபிடித்தார்கள். குதிரைக்கூட மண்ணில் அது 30 பிபிஎம்-க்கும் மேல் இருந்தது. ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தயாரித்த ஓர் ஆலையின் கழிவு அந்த எண்ணெயில் கலந்திருந்தது.

அதே ஆள் அதே போல எண்ணெய் தெளித்த இடங்களில் ஒன்று டைம்ஸ் பீச் என்ற சிற்றூர். தார் போடாத அதன் தெருக்களில் 1970-களில் வருடக்கணக்கில் தெளித்திருக்கிறார்கள். 1982 நவம்பர் கடைசியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இ.பி.ஏ.) அங்கே மண் எடுத்தது. எடுத்து முடித்த கையோடு டிசம்பர் 5-ம் தேதி ஆற்றில் வெள்ளம் வந்து ஊரே மூழ்கியது. ஜனங்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது ரிசல்ட் வந்தது. ஒரு பிபிபி-க்கு மேல் இருந்தால் கவலைப்பட வேண்டும் என்று சி.டி.சி. வைத்திருந்த இடத்தில், சில மாதிரிகள் 100 பிபிபி-யைத் தாண்டியிருந்தன. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், "வெளியே போனவர்கள் திரும்ப வராதீர்கள்" என்ற எச்சரிக்கை. 1983 பிப்ரவரியில் ஊரையே அரசு விலைக்கு வாங்கும் அறிவிப்பு. 2,000-க்கும் மேற்பட்டவர்கள் குடிபெயர்ந்தார்கள். 1985-ல் டைம்ஸ் பீச் என்ற ஊர் சட்டப்படி இல்லாமல் போனது. 1996-97-ல் அங்கேயே உலை வைத்து, அந்த ஊரையும் சேர்த்து மாநிலத்தின் 27 இடங்களிலிருந்து கொண்டுவந்த சுமார் 2,65,000 டன் மண்ணை எரித்தார்கள். 1999 முதல் அந்த இடம் ஒரு பூங்கா.

ஒரு ஊரின் தலையெழுத்து சில பாட்டில் மண்ணில் இருந்தது. அந்த மண்ணிலிருந்து எவ்வளவு வெளியே வந்தது என்பதில் இருந்தது.

பாட்டிலுக்குள் போகும்போதே பாதி வேலை

சரி, லேபுக்குப் போகலாம். அதற்கு முன் மண் எடுக்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. எல்லாக் கரிம மாசுகளும் ஒரே மாதிரி இல்லை. பென்சீன், ட்ரைகுளோரோஎத்திலீன் போன்றவை காற்றில் பறந்துவிடும் ரகம். இவற்றைத் தேடும்போது மண்ணை வெயிலில் காயவைத்து, சலித்து, பொடித்துக் கொடுத்தால் ரிசல்ட் பிரமாதமாக இருக்கும்: "மாசு இல்லை"! இருந்ததெல்லாம் காற்றோடு போயிருக்கும். அதனால்தான் இந்த ரகத்துக்கு மண்ணை எடுத்த இடத்திலேயே மூடிய குப்பியில் அல்லது மெத்தனாலில் போட்டுவிடுகிறார்கள். இவற்றுக்குப் பிரித்தெடுக்கும் முறையே வேறு. மந்த வாயுவைக் குமிழியாகச் செலுத்தி, கிளம்பும் ஆவியை ஒரு பொறியில் பிடித்து அளக்கிறார்கள்.

டையாக்சின், பி.சி.பி., பூச்சிமருந்து போன்ற கனமான ரகத்துக்குக் கண்ணாடிப் பாட்டில், இருட்டு, குளிர். பிளாஸ்டிக் டப்பா கூடாது, அதிலிருந்தே தாலேட் என்ற வேதிப்பொருள் மண்ணுக்குள் இறங்கிவிடும். இ.பி.ஏ. விதிப்படி, இந்த வகைப் பொருட்களில் பலவற்றுக்கு மண் எடுத்த 14 நாளுக்குள் சாறு இறக்க வேண்டும், அடுத்த 40 நாளுக்குள் அந்தச் சாற்றை அளக்க வேண்டும்.

ஈரம் இன்னொரு தலைவலி. ஹெக்சேன் போன்ற எண்ணெய்த்தன்மையுள்ள கரைப்பான் ஈர மண்ணுக்குள் நுழையாது, தண்ணீர் வழிமறிக்கும். அதனால் மண்ணோடு நீரற்ற சோடியம் சல்ஃபேட்டைக் கலந்து, பொலபொலவென்று உதிரும் வரை கிளறுகிறார்கள். அந்த உப்பையும் சும்மா போட முடியாது. முதலில் 400 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டு, அதில் ஒட்டியிருக்கும் அழுக்கைப் போக்க வேண்டும்.

சாக்ஸ்லெட்: பால்காரரின் கருவி

கெமிஸ்ட்ரி, பார்மஸி, பாட்டனி படிக்கும் எவருக்கும் சாக்ஸ்லெட் கருவி தெரிந்திருக்கும். மூலிகைச் சாறு இறக்கவும், வேர்க்கடலையில் எண்ணெய் எவ்வளவு என்று பார்க்கவும் கல்லூரி லேபில் பயன்படுவது. ஃபிரான்ஸ் வான் சாக்ஸ்லெட் என்பவர் இதை 1879-ல் வெளியிட்டது பாலில் கொழுப்பு எவ்வளவு என்று கண்டுபிடிப்பதற்காக. இன்றைக்கும் மண்ணாய்வில் மற்ற முறைகளை இதனோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

இதன் தத்துவம் புரிய ஃபில்டர் காபி போதும். முதல் டிகாஷன் கெட்டியாக இறங்கும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் இரண்டாம் டிகாஷன் கொஞ்சம் நீர்த்து வரும். மூன்றாவதில் வெறும் கலர். ஒரே தடவை ஒரு பானை தண்ணீர் ஊற்றுவதைவிட, சின்னச் சின்ன அளவாகப் பல தடவை ஊற்றினால் தூளில் இருப்பது முழுதாக இறங்கும். ஆனால் டிகாஷன் அளவு கூடிக்கொண்டே போகுமே?

அங்கேதான் சாக்ஸ்லெட்டின் மூளை. கீழே குடுவையில் கரைப்பான் கொதிக்கிறது. ஆவி மட்டும் மேலே போய், கண்டென்சரில் குளிர்ந்து, சுத்தமான கரைப்பானாக மண்ணின் மேல் சொட்டுகிறது. மண் ஒரு தடித்த காகித உறைக்குள் (திம்பிள்) இருக்கிறது. கரைப்பான் நிரம்பி ஒரு மட்டத்தைத் தொட்டதும் பக்கத்திலுள்ள சைஃபன் குழாய் வழியாக எல்லாம் 'குபுக்'கென்று கீழே இறங்கிவிடும். கரைந்த விஷம் கீழேயே தங்கும், கரைப்பான் மட்டும் மறுபடி ஆவியாகும். அதாவது அதே தண்ணீரை வைத்துக்கொண்டு நூறாவது டிகாஷன் வரை போடலாம், ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர் மாதிரி!

இ.பி.ஏ.-வின் 3540 என்ற முறை இதுதான். 10 கிராம் மண், 10 கிராம் சோடியம் சல்ஃபேட், 300 மில்லி கரைப்பான் (பாதி ஹெக்சேன், பாதி அசிட்டோன் என்பது வழக்கமான சேர்க்கை). மணிக்கு 4 முதல் 6 சுற்று, 16 முதல் 24 மணி நேரம். அசிட்டோன் எதற்கு? அது தண்ணீரோடும் சேரும், ஹெக்சேனோடும் சேரும். ஈரத்தைத் தாண்டி மண்துகளுக்குள் நுழைய வழி பண்ணிக்கொடுக்கும்.

குறை என்ன? ஒரு நாள் ஆகும். கரைப்பான் நிறைய செலவாகும். கண்டென்சருக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரி தண்ணீர் நின்றுவிட்டால் காலையில் வந்து பார்க்கும்போது குடுவை காய்ந்து கிடக்கும் :-) சோதனையும் போச்சு, சில சமயம் லேபுக்கே ஆபத்து.

அவசரக்காரர்களின் முறைகள்

முதலாவது, அல்ட்ராசவுண்ட். மண்ணையும் கரைப்பானையும் பீக்கரில் போட்டு, உலோக முனை ஒன்றை இறக்கி ஒலியதிர்வு கொடுப்பது. மூன்று நிமிடம் வீதம் மூன்று தடவை. மாசு குறைவாக இருக்கும் என்று தோன்றினால் 30 கிராம் மண், ரொம்ப அதிகம் என்றால் 2 கிராம் போதும். மலிவு, வேகம். ஆனால் மற்ற முறைகள் அளவுக்கு இது அழுத்தமாக இறக்காமல் போகலாம் என்று இ.பி.ஏ.-வே அந்த முறையின் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டாவது, அழுத்தத் திரவ முறை. நம்மூர் பிரஷர் குக்கர்தான்! அசிட்டோன் சாதாரணமாக 56 டிகிரியில் கொதித்துவிடும். ஒரு எஃகுக் குழாய்க்குள் அடைத்து 1,500 முதல் 2,000 பிஎஸ்ஐ வரை அழுத்தம் கொடுத்தால் 100 டிகிரியிலும் திரவமாகவே இருக்கும். சூடான திரவம் மண்ணுக்குள் வேகமாக நுழையும், ஒட்டியிருப்பதை எளிதாகப் பிடுங்கும். ஒரு நாள் வேலை இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், கரைப்பானும் மிச்சம். 1990-களின் நடுவில் சந்தைக்கு வந்த இந்தக் கருவியின் ஒரே பிரச்சினை விலை.

மூன்றாவது, மைக்ரோவேவ். இதில் ஒரு வேடிக்கை. ஹெக்சேன் மைக்ரோவேவைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, சூடாகாது. அசிட்டோன் சூடாகும். அதனால் இரண்டையும் கலந்தால்தான் வேலை நடக்கும்.

நான்காவது, கார்பன் டை ஆக்சைடு. 31 டிகிரிக்கு மேல், சுமார் 74 பார் அழுத்தத்துக்கு மேல் அது வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் ஒரு நிலைக்குப் போகிறது. வாயு மாதிரி நுழையும், திரவம் மாதிரி கரைக்கும். காபிக்கொட்டையிலிருந்து காஃபீனை எடுக்கும் அதே நுட்பம். வேலை முடிந்ததும் காற்றோடு போய்விடும், நச்சுக் கரைப்பான் மிச்சமே இருக்காது. 1990-களில் இதன் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. ஆனால் ஒவ்வொரு மண்ணுக்கும் தனித்தனியாக அழுத்தம், வெப்பம் எல்லாம் சரிபார்க்க வேண்டியிருந்ததால் பரவலாகவில்லை.

ஐந்தாவது, 2003-ல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வகத்திலிருந்து வந்த 'கெச்சர்ஸ்' முறை. பழம், காய்கறியில் பூச்சிமருந்து பார்க்க உருவானது. ஒரு குழாயில் மாதிரி, அசிட்டோநைட்ரைல், உப்பு, மெக்னீசியம் சல்ஃபேட் போட்டுக் குலுக்கிச் சுழற்றினால் முடிந்தது. பிறகு மண்ணுக்கும் கொண்டுவந்தார்கள். உலர்ந்த மண்ணென்றால் முதலில் தண்ணீர் சேர்க்க வேண்டும். பெரிய கருவி வாங்க முடியாத லேபுகளுக்கு வரப்பிரசாதம். ஆனால் இது பூச்சிமருந்து வேலைக்குத்தான், டையாக்சின் வேலைக்கு இல்லை.

கரைப்பான் என்று சொல்லும்போது ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மண்ணில் விஷம் தேடுகிறவர்கள் தினமும் விஷத்தைத்தான் கையாளுகிறார்கள். பல வருடமாக லேபுகளின் செல்லப்பிள்ளையாக இருந்த டைகுளோரோமீத்தேனின் பெரும்பாலான பயன்பாடுகளை 2024-ல் இ.பி.ஏ. தடை செய்தது. லேப் உபயோகத்தைக் கடுமையான பாதுகாப்பு நிபந்தனைகளோடு அனுமதித்தது.

வேண்டாத விருந்தாளிகள்

சாறு இறங்கிவிட்டது. 300 மில்லியை ஆவியாக்கி ஒரு மில்லிக்குக் கொண்டுவர வேண்டும். கடைசி சொட்டுகளை நைட்ரஜன் வாயுவை மெல்ல ஊதிக் குறைப்பார்கள். கவனமில்லாமல் முழுக்கக் காயவிட்டால் லேசான மாசுகள் பறந்துவிடும்.

அந்த ஒரு மில்லி பெரும்பாலும் பழுப்பாக, டீ டிகாஷன் மாதிரி இருக்கும். ஏனென்றால் கரைப்பானுக்கு நல்லது கெட்டது தெரியாது. இலைமெழுகு, பச்சையம், எண்ணெய், கந்தகம் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்து வந்திருக்கும். சிலிக்கா, அலுமினா, ஃப்ளோரிசில் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் வழியாக வடிகட்டுகிறார்கள். கந்தகம் இருந்தால் செம்புத்தூளைப் போடுகிறார்கள். செம்பு கறுத்துப்போனால் கந்தகம் பிடிபட்டது என்று அர்த்தம்.

ஆனால் வேண்டாத விருந்தாளி சில சமயம் பெரிய கண்டுபிடிப்பாகவும் மாறும். 1960-களில் ஸ்வீடனில் சோரன் யென்சன் என்ற வேதியியலாளர் காட்டுயிர்களின் உடலில் டி.டி.டி. தேடிக்கொண்டிருந்தார். வரைபடத்தில் சம்பந்தமில்லாத சிகரங்கள் வந்துகொண்டே இருந்தன. அழுக்கு என்று விட்டிருக்கலாம். விடவில்லை. 1966-ல் அவை பி.சி.பி. என்று சொன்னார். மின்மாற்றி எண்ணெயாக உலகமெங்கும் பயன்பட்ட ஒரு பொருள், உயிரினங்களின் கொழுப்பில் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று உலகத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

எல்லாம் வந்துவிட்டது என்று எப்படி நம்புவது?

நல்ல கேள்வி. லேபில் இதற்கு இரண்டு வழக்கங்கள் உண்டு.

ஒன்று 'பிளாங்க்'. மண்ணே போடாமல், அல்லது சுத்தமான மணலைப் போட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்வது. அதிலும் மாசு தெரிந்தால் அது மண்ணிலிருந்து வரவில்லை, லேபிலிருந்து வந்தது என்று பொருள்.

இன்னொன்று 'ஸ்பைக்'. சாறு இறக்குவதற்கு முன் மண்ணில் தெரிந்த அளவு அடையாளப் பொருளைச் சேர்ப்பது. டையாக்சினுக்கு, கனமான கார்பன்-13 அணுக்களால் செய்த டையாக்சினையே சேர்க்கிறார்கள். வேதியியல்படி அண்ணன் தம்பி, எடையில் மட்டும் வித்தியாசம். சேர்த்ததில் எத்தனை சதவீதம் திரும்பி வந்தது என்று பார்த்து, அதற்கேற்பக் கணக்கைத் திருத்துகிறார்கள்.

அற்புதமான ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது.

ஸ்பைக் இன்றைக்குக் காலையில் மண்ணின் மேல் ஊற்றியது. மாசு இருபது வருடம் முன்பு விழுந்தது. ஸ்பைக் மேலாக உட்கார்ந்திருக்கும், மாசு நுண்துளைக்குள் ஒடுங்கியிருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைக் கூப்பிட்டால் உடனே எழுந்து வருவார். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பவர்? ஸ்பைக் 95 சதவீதம் திரும்பி வந்தது என்றால், ஊற்றிய பிறகு கைதவறி எதையும் இழக்கவில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். பழைய மாசும் 95 சதவீதம் வெளியே வந்தது என்று சொல்ல முடியாது. மென்மையான முறையில் சீக்கிரம் முடித்த லேபும் அழகான ஸ்பைக் கணக்கைக் காட்ட முடியும்.

இரண்டு ஊர், ஒரே விஷம்

மறுபடி டையாக்சினுக்கு வரலாம். 1984-ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. மிசௌரியின் மாசுபட்ட மண்ணை எலிகளுக்கும் கினிப்பன்றிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மண்ணில் ஒட்டியிருந்தும் டையாக்சின் உடம்புக்குள் நன்றாக இறங்கியது. கினிப்பன்றிகள் செத்தன.

இரண்டு வருடம் கழித்து, 1986-ல், அதே இதழில் இன்னொரு ஆய்வு. இந்த முறை நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரம். அங்கே 2,4,5-டி என்ற களைக்கொல்லி (வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சின் ஒரு பாதி) தயாரித்த ஆலையின் மண்ணில் அதே டையாக்சின் இருந்தது. ஆனால் இந்த மண்ணைக் கொடுத்த கினிப்பன்றிகளிடம் எதிர்பார்த்த நச்சு தெரியவில்லை. உடம்புக்குள் போன அளவு ரொம்பக் குறைவு.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நியூவார்க் மண்ணிலிருந்து டையாக்சினை வெளியே எடுக்க நீண்ட நேர சாக்ஸ்லெட் தேவைப்பட்டது. சுலபமாக விடவில்லை. லேபில் கரைப்பானுக்கு விடாத மண், வயிற்றுக்குள்ளும் விடவில்லை!

ஒரே விஷம். ஒரே அளவு நம்பர்கூட வரலாம். ஆனால் மண்ணின் தன்மையும், விஷம் எதோடு சேர்ந்து வந்து விழுந்தது என்பதும், எத்தனை காலம் கிடந்தது என்பதும் வேறு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் அலெக்சாண்டர் இதைத்தான் வருடக்கணக்கில் ஆராய்ந்தார். மண்ணில் 'வயதான' மாசு மண்புழுவுக்கும் பாக்டீரியாவுக்கும் குறைவாகத்தான் கிடைக்கிறது என்றார். அதன் பிறகு பலர் வேண்டுமென்றே மென்மையான முறைகளைத் தேடினார்கள். பியூட்டனாலில் லேசாகக் குலுக்குவது, சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையத்தைத் தண்ணீரில் கரைத்து மண்ணோடு கலக்குவது போன்றவை. மண்ணில் மொத்தம் எவ்வளவு என்று அவர்கள் தேடவில்லை. ஒரு உயிருக்கு அதில் எவ்வளவு எட்டும் என்று தேடினார்கள்.

அப்படியானால் எது சரியான நம்பர்?

இரண்டும் சரி. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள்.

"இந்த மண்ணில் எவ்வளவு விஷம் கிடக்கிறது?" என்பது ஒரு கேள்வி. அதற்கு சாக்ஸ்லெட், அழுத்தத் திரவ முறை போன்ற முரட்டு முறைதான் வேண்டும். "இந்த மண்ணைக் கையில் அளைந்து வாயில் வைக்கும் குழந்தைக்கு எவ்வளவு போகும்?" என்பது இன்னொரு கேள்வி. அதற்கு மென்மையான முறைகள், விலங்குச் சோதனைகள் எல்லாம் உதவும்.

கலப்படம் நடப்பது, ஒரு கேள்விக்கு வந்த பதிலை இன்னொரு கேள்விக்கு எடுத்துக் கொடுக்கும்போது. மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு யார் தலையில் விழுமோ, அவருக்குச் சின்ன நம்பர் இனிக்கும். "முழுசா வெளிய வராட்டி ஆபத்தும் இல்லையே" என்று வாதாடலாம். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, நியூவார்க் ஆய்வே சாட்சி. ஆனால் அவசர அவசரமாகச் செய்த அரைகுறைச் சாறும் அதே சின்ன நம்பரைத்தான் கொடுக்கும். மண் விடாமல் பிடித்திருக்கிறதா, லேப் ஒழுங்காக இறக்கவில்லையா என்று வெறும் நம்பரைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதனால் முதலில் முரட்டு முறையில் மொத்தத்தை அளந்து, பிறகு தேவைப்பட்டால் மென்மையான முறையில் எட்டக்கூடியதை அளந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதுதான் நேர்மை. மென்மையான நம்பரை மட்டும் காட்டுவது, கடனைச் சொல்லாமல் இந்த மாத வட்டியை மட்டும் சொல்வது மாதிரி. இன்றைக்குத் துளைக்குள் ஒடுங்கியிருப்பது என்றைக்கும் அங்கேயே இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. மண்ணைத் தோண்டலாம், வெள்ளம் வரலாம், வேறு கரைப்பான் சிந்தலாம்.

ரிப்போர்ட் கையில் கிடைத்தால்

மண் பரிசோதனை அறிக்கை ஒன்று கையில் கிடைத்தால், கடைசிப் பக்கத்து நம்பருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில.

1. எந்த முறையில் சாறு இறக்கினார்கள்? எந்தக் கரைப்பான், எவ்வளவு நேரம்? இது எழுதப்படாத அறிக்கையில் உள்ள நம்பருக்கு அர்த்தமே இல்லை.

2. ஸ்பைக் எவ்வளவு திரும்பி வந்தது? பல லேபுகளில் 70 முதல் 130 சதவீதம் வரை ஏற்றுக்கொள்வார்கள். 30 சதவீதம் என்று இருந்தால் மறுபடி செய்யச் சொல்ல வேண்டியதுதான்.

3. பிளாங்க் சுத்தமாக இருந்ததா?

4. நம்பர் ஈர மண்ணுக்கா, உலர் மண்ணுக்கா? ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் உள்ள மண்ணில், ஈர எடைக்கு 8 பிபிபி என்றால் உலர் எடைக்கு அது 10 பிபிபி. வரம்பு 9 என்றால்? ஒரே மண், ஒரு கணக்கில் பாஸ், இன்னொரு கணக்கில் ஃபெயில்!

5. "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால், எந்த அளவுக்குக் கீழே கண்டறிய முடியாது என்று எழுதியிருக்கிறதா? வரம்பு ஒரு பிபிபி-யாக இருக்கும்போது, 50 பிபிபி-க்குக் கீழே பார்க்க முடியாத முறையை வைத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்வதில் என்ன பயன்?

6. மண் எடுத்த தேதிக்கும் சாறு இறக்கிய தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி?

இதற்கு கெமிஸ்ட்ரி பட்டம் தேவையில்லை. மருந்துச் சீட்டில் தேதி பார்ப்பது மாதிரிதான். ஆனால் இந்த ஆறு கேள்விகளையும் ஒரு ஊர்க் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டால், அறிக்கையை வாசித்துக்கொண்டிருப்பவர் கொஞ்சம் நிதானமாகத்தான் பதில் சொல்வார்.

மிசௌரியில் மூன்று வருடம் தாமதமான நேரத்தில், அதே எண்ணெய் வேறு தெருக்களில் தெளிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. டைம்ஸ் பீச் பிள்ளைகள் அந்தத் தெருக்களில்தான் விளையாடினார்கள். லேபில் மண்ணோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர், "இன்னும் நாலு மணி நேரம் ஓடட்டும், முழுசா இறங்கட்டும்" என்று சைஃபனைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும்போது, தூரத்தில் ஏதோ ஒரு ஊரில் சிலர் அந்த முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். பிராக்டிகல் வகுப்பில் சாக்ஸ்லெட் ரொம்ப போர் அடிக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.